நிற்கும் கண், நகரும் கண்: சூசோவும் யாங்சோவும்

யாங்சோ நகரின் நீர்வழிகளையும் தோட்டங்களையும் பற்றி லி தோ எழுதிய நூல் 1795இல் வெளிவந்தது. சீனத்தின் தென்கிழக்கு நகரங்கள் மூன்றை ஒப்பிட்டு அவர் காலத்தவர் ஒருவர் சொன்ன தீர்ப்பு அதில் பதிவாகியிருக்கிறது: ஏரிக்கும் மலைக்கும் ஹாங்சோ, கடைத்தெருவுக்குச் சூசோ, தோட்டத்துக்கும் மண்டபத்துக்கும் யாங்சோ. இன்று கேமராவோடு சூசோவுக்குப் போகிறவர் இதை எளிதில் ஏற்கமாட்டார். சீனத் தோட்டம் என்றாலே சூசோ என்றுதான் உலகம் அறிந்து வைத்திருக்கிறது. யாங்சோவின் பெயர் வெளிநாட்டவர் பலருக்கு உணவகத்து ஃபிரைடு ரைஸ் வழியாகவே அறிமுகம். ஆனால் 1759இல் சூ யாங் வரைந்த, 12 மீட்டருக்கும் மேல் நீளும் சூசோச் சுருள் ஓவியத்தைப் பார்த்தால், தீர்ப்பு சொன்னவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். அதில் நிறைந்திருப்பவை கடைப் பலகைகளும் சரக்குப் படகுகளும் பாலங்களும் மனிதக் கூட்டமும்தான்.

இரண்டரை நூற்றாண்டுக்குள் இரு நகரங்களும் பட்டத்தை மாற்றிக்கொண்டன. அவற்றை அருகருகே வைத்து எடைபோட இங்கே நாம் எடுத்துக்கொள்ளும் கருவி கேமரா. படம் எடுக்க எங்காவது ஓரிடத்தில் நின்றாக வேண்டும். ஆகவே எங்கே நிற்பது என்ற கேள்வியைக் கேமரா விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். இந்தத் தோட்டங்களை அமைத்தவர்களும் அதே கேள்வியோடுதான் வேலை செய்தார்கள்.

உறவிலிருந்தே தொடங்கலாம். சூசோவைக் கி.மு. 514இல் தலைநகராக எழுப்பியவர் வூ நாட்டு மன்னர் ஹெலூ. யாங்சோவின் பிறப்புக்குக் காரணமான ஹான் கால்வாயைக் கி.மு. 486இல் வெட்டியவர் அவருடைய மகன் ஃபூசாய். தந்தையின் ஊரில் நீர் தெருவாயிற்று: 1229இல் கல்லில் செதுக்கிய சூசோ வரைபடத்தில், தெருக்களுக்கு இணையாகக் கால்வாய்கள் ஓடுவதை இன்றும் காணலாம். மகனின் ஊரில் நீர் நெடுஞ்சாலையாயிற்று: யாங்சி ஆற்றையும் ஹுவாய் ஆற்றையும் இணைத்துப் படைகளை வடக்கே கொண்டுபோக வெட்டிய அந்த வாய்க்கால், பிற்காலப் பெருங்கால்வாயின் மிகப் பழைய பகுதி. ஒன்று யாங்சிக்குத் தெற்கே, மற்றது வடக்கே. ஒரே குடும்பம் ஒரே தலைமுறை இடைவெளியில் நீரை இரண்டு வேலைக்கு வைத்தது. அந்த வேறுபாடு இரு ஊர்த் தோட்டங்களிலும் கடைசிவரை தங்கிவிட்டது என்பது என் எண்ணம்.

பட்டம் கைமாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யாங்சோவின் செல்வம் உப்பு. அரசு கொடுத்த தனியுரிமையில் செழித்த உப்பு வணிகர்களே அங்கே தோட்டங்களுக்குப் பணம் கொட்டினார்கள். 1830களில் தொடங்கிய உப்புச் சட்டத் திருத்தங்கள் அந்தத் தனியுரிமையைத் தளர்த்தின. 1853இல் தைப்பிங் கிளர்ச்சிப் படை நகரில் புகுந்தது. 1855இல் மஞ்சள் ஆறு தன் போக்கை மாற்றிக்கொண்டதால் பெருங்கால்வாயின் வடக்குப் பாதையும் கெட்டது. சூசோவும் 1860இல் அதே படையிடம் சிக்கி நொறுங்கியதுதான். ஆனால் 1906இல் ஷாங்காயிலிருந்து சூசோவுக்கு ரயில் வந்தது. 1908இல் அந்தப் பாதை யாங்சியின் தென்கரையிலேயே நான்ஜிங் வரை போய் முடிந்தது. வடகரையிலிருந்த யாங்சோவுக்கு ரயில் நிலையம் கிடைத்தது 2004இல்.

இந்த நூறாண்டு இடைவெளிதான் கேமராவின் நூறாண்டு. ஷாங்காயில் இறங்கிய வெளிநாட்டவரும் உள்ளூர்க் கட்டடக் கலைஞர்களும் ரயிலேறிச் சூசோவுக்குப் போய்ப் படமெடுத்து, அளந்து, நூல் எழுதினார்கள். சுவீடன் நாட்டு ஆஸ்வால்ட் சீரேன் 1949இல் வெளியிட்ட சீனத் தோட்ட நூலில் சூசோவின் படங்கள் உண்டு. சென் சொங்சோ 1956இல் சூசோத் தோட்டங்களுக்கென்றே ஒரு படநூல் கொண்டுவந்தார். அவரே எழுதிய யாங்சோத் தோட்ட நூல் 1983இல்தான் வந்தது. சூசோவைத் தோட்ட நகரமாக்கியதில் கேமராவுக்கும் ரயிலுக்கும் பங்குண்டு என்று துணிந்து சொல்வேன்.

சரி, கேமராவை எடுப்போம். சூசோவில் முதலில் சந்திக்க வேண்டியது வெள்ளைச் சுவர். சுண்ணாம்பு வெள்ளைச் சுவரும் கருஞ்சாம்பல் ஓடும் அந்த ஊரின் இரண்டே நிறங்கள். கேமராவின் ஒளியளவி நடுச்சாம்பலை எதிர்பார்ப்பது. சுவர் சட்டகத்தை நிறைக்கும்போது எக்ஸ்போஷரை ஒரு படி கூட்டாவிட்டால், வெள்ளை அழுக்காகிப் போகும். யாங்சோவில் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே சுவர்களில் பல சாம்பல் நிறச் செங்கல்லை மறைக்காமல் விட்டவை. அந்த ஊரின் மெல்மேற்கு ஏரியிலோ மஞ்சள் ஓடு, சிவப்புத் தூண், வில்லோ மரங்களின் பச்சை என்று நிறம் நிறைந்திருக்கும். சூசோவில் கால்வாய்கள் குறுகலானவை. இருபக்க வீடுகளுக்கு இடையே சூரியன் எட்டிப் பார்ப்பது நடுப்பகலை ஒட்டிய கொஞ்ச நேரம். யாங்சோவில் நீர் அகன்றது. காலை ஒளியும் மாலை ஒளியும் தடையின்றி வந்து சேரும். ஒன்றில் ஒளிக்குக் காத்திருக்க வேண்டும், மற்றதில் ஒளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இங்கிருந்து எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடத் தோன்றும். சூசோத் தோட்டம் சுவருக்குள் அடங்கியது, சிறியது, ஓய்வு பெற்ற அதிகாரி தன் சில நண்பர்களுக்காகக் கட்டியது. ஆகவே உட்கார்ந்து பார்க்க வேண்டியது. யாங்சோவின் மெல்மேற்கு ஏரி, சியென்லோங் பேரரசர் படகில் வரும் வழியெங்கும் உப்பு வணிகர்கள் இருகரையிலும் அடுத்தடுத்து அமைத்த தோட்டங்களின் வரிசை. ஆகவே நகர்ந்தபடி பார்க்க வேண்டியது. நிற்கும் கண்ணுக்குச் சூசோ, நகரும் கண்ணுக்கு யாங்சோ. நிலையாக நின்று பார்ப்பது, நகர்ந்து பார்ப்பது என்ற இந்தப் பிரிவினையைத் தோட்டக் கலையில் முதன்மையாக வைத்துப் பேசியவர் சென் சொங்சோ.

ஆனால் இரு ஊர்களிலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு அலைந்தால் இந்தப் பிரிவினை தலைகீழாகும்.

சூசோவின் மிகப் பெரிய தோட்டமான எளிய அதிகாரியின் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங் சியென்சென் அமைத்தது; இன்று சுமார் 5 ஹெக்டேர். அதை அவருடைய நண்பர் வென் செங்மிங் 1533இல் ஓவியமாக்கியபோது ஒரே படத்தில் அடக்கவில்லை. 31 தனிக் காட்சிகளாக, ஏடு ஏடாக வரைந்தார். இன்றும் அங்கே போகிற புகைப்படக்காரர் அதையேதான் செய்ய வேண்டியிருக்கிறது. நடையோரப் பலகணிகள் ஒவ்வொன்றும் ஒரு காட்சியைக் காட்டும். இரண்டு எட்டு வைத்தால் மூங்கில் போய்ப் பாறை வரும். பாறை போய்க் குளத்தின் ஒரு துண்டு வரும். அப்பர்ச்சரைச் சுருக்கிப் பலகணியின் பின்னலையும் அதற்கு அப்பாலுள்ள மரத்தையும் ஒருசேரக் கூர்மையாக்கினாலும், படம் பார்க்கிறவருக்குச் சட்டமும் மரமும் மட்டுமே கிடைக்கும். அங்கே நடந்தவருக்குக் கிடைத்தது அவற்றுக்கு இடையிலான மாற்றம். சென் சொங்சோவும் இந்தத் தோட்டத்தை நகர்ந்து பார்க்கும் வகையில்தான் சேர்க்கிறார். அதற்கு இணையாக அவர் சொல்லும் உவமை எது தெரியுமா? யாங்சோவின் மெல்மேற்கு ஏரி. இரண்டையும் நன்கறிந்த ஒருவர், எதிரெதிராக நிற்கும் என்று நாம் நினைத்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டிருக்கிறார்.

இனி யாங்சோவுக்கு வருவோம். படகுக்காகவே பிறந்த அந்த ஏரியின் நடுவே ஒரு மண்திட்டு நீண்டு போகிறது. அதன் முனையில் மீன்பிடி மேடை எனப்படும் சிறு சதுர மண்டபம். சியென்லோங் பேரரசர் அங்கே தூண்டில் போட்டார் என்று ஊர் சொல்கிறது. மண்டபத்தின் சுவர்களில் முழுவட்டமாக வெட்டிய திறப்புகள். தரையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் நின்று மூலைவாட்டில் பார்த்தால், ஒரு வட்டத்துக்குள் ஐந்து மண்டபப் பாலமும், அடுத்த வட்டத்துக்குள் வெள்ளைத் தூபியும் அச்சாகப் பொருந்தி நிற்கும். ஓரடி விலகினால் ஒன்று நழுவிவிடும். நான் பார்த்த சீனத் தோட்டங்களில் இவ்வளவு கண்டிப்பாக நிற்குமிடத்தை வகுத்துத் தந்த இடம் வேறில்லை. கேமரா சீனத்துக்கு வருவதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே, புகைப்படக்காரரின் நிற்குமிடமும் சட்டகமும் இங்கே தயார். நகரும் கண்ணின் ஊரில்தான் இப்படி அசைய விடாத இடம் அமைந்தது.

ஏன் இப்படி ஆயிற்று? எனக்குத் தோன்றும் காரணம் இது. சூசோ அதிகாரிக்கு அவருடைய தோட்டம் அன்றாட வீடு. மழையிலும் வெயிலிலும் திரும்பத் திரும்ப நடந்து சலிக்கக்கூடாது. ஆகவே ஒரே பார்வையில் தீர்ந்துபோகும் காட்சியை அவர் தவிர்த்தார். யாங்சோ வணிகருக்கோ விருந்தாளி ஒரு தடவை வருகிறவர். 1751 முதல் 1784 வரை சியென்லோங் ஆறு முறை தெற்கே பயணம் வந்தார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் கிடைத்த நேரம் படகு அதைக் கடந்துபோகும் நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கண்ணைப் பிடித்து நிறுத்த வேண்டுமானால், அழுத்தமான சட்டகம் வேண்டும். நிலைத்து வாழ்கிறவர் நகர்வை விரும்பினார். கடந்துபோகிறவரை நிறுத்த நிலையான காட்சி தேவைப்பட்டது.

பேரரசர் பெயர் வந்துவிட்டதால் இன்னொரு இணைப்பையும் கவனிக்கலாம். 1757இல் கட்டிய ஐந்து மண்டபப் பாலமும் அதன் அருகிலுள்ள வெள்ளைத் தூபியும் பெய்ஜிங்கின் பெய்ஹாய் ஏரியை நினைவூட்டும்படி அமைந்தவை. தூபி அங்குள்ளதைப் பார்த்து எழுப்பியதே. பேரரசர் ஆசைப்பட்டார் என்பதற்காக வணிகர்கள் ஒரே இரவில் உப்பு மூட்டைகளை அடுக்கித் தூபி எழுப்பினார்கள் என்ற கதை யாங்சோவில் இன்னும் வழங்குகிறது. சூசோவில் நடந்தது நேர்மாறு. 1342இல் ஒரு துறவிக்காக அவர் சீடர்கள் அமைத்த சிங்கத் தோப்பின் பாறைப் புதிர்களில் மயங்கிய சியென்லோங், 1770களில் அதைப் போலவே ஒன்றைப் பெய்ஜிங்கின் பழைய கோடை அரண்மனைத் தோட்டத்திலும் இன்னொன்றைச் செங்தே மலை மாளிகையிலும் கட்டிக்கொண்டார். யாங்சோ பெய்ஜிங்கைப் படியெடுத்தது. பெய்ஜிங் சூசோவைப் படியெடுத்தது. இரண்டு படிகளும் பயணம் செய்த வழி ஒரே கால்வாய். ஓரிடத்தின் சாயலை எடுத்துப்போய் வேறிடத்தில் வைக்கும் ஆசை கேமராவால் வந்ததல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கல்லிலும் கால்வாயின் கை தெரிகிறது. சூசோவுக்குப் பக்கத்திலேயே தாய்ஹூ ஏரி. அந்த நீர் அரித்துத் துளைத்த சுண்ணாம்புக் கல் சீனத் தோட்டக் கல்லில் தலையாயது. கல் பக்கத்தில் இருந்ததால் சூசோக்காரர்கள் ஒற்றைப் பெருங்கல்லை நிறுத்திவைத்து அதற்குப் பெயர் சூட்டிக் கொண்டாடினார்கள். லியூ தோட்டத்தில் சுமார் 6.5 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் மேகமுடிச் சிகரம் அப்படிப்பட்டது. யாங்சோ மண்ணில் கல் இல்லை. உப்புப் படகுகள் திரும்பி வரும்போது பல ஊர்களிலிருந்து ஏற்றிவந்த சிறு கற்களை ஒட்டி அடுக்கித்தான் அங்கே மலை எழுப்பினார்கள். அந்தக் குறையே அவர்களுக்குக் கலையாயிற்று. 1818இல் உப்பு வணிகர் ஹுவாங் சியூன் அமைத்த கெ தோட்டத்தில் நான்கு பருவங்களுக்கு நான்கு கல். வசந்தத்துக்கு மூங்கில் குருத்து போன்ற ஒல்லிக் கற்கள். கோடைக்குத் தாய்ஹூ கல். இலையுதிர் காலத்துக்கு மஞ்சள் கல். குளிர்காலத்துக்குப் பனி படிந்தது போல் வெளுத்த சுவான் கல். சூசோ ஒரு கல்லில் ஒரு மலையைக் காண்கிறது. யாங்சோ பல ஊர்க் கல்லில் ஓர் ஆண்டைக் காண்கிறது. படமெடுக்கிறவருக்கும் இந்த வேறுபாடு கையில் படும். மேகமுடிச் சிகரத்தை எடுக்க லென்ஸை உயர்த்தி, பின்னணியை விலக்கி, ஓர் ஆளின் உருவப்படம் எடுப்பது போல் அணுக வேண்டும். கெ தோட்டத்து மலைகளில் அடுக்கின் இணைப்புகளையும் நிழல் விழும் இடுக்குகளையும் பின்தொடர வேண்டும்.

சூசோத் தோட்டம் கால்வாய்க்கு முதுகு காட்டி நிற்கிறது, யாங்சோத் தோட்டம் முகம் காட்டி நிற்கிறது என்று பலர் எழுதுவதுண்டு. பொதுவில் சரி. யுனெஸ்கோவின் பட்டியல்களும் இதையே சொல்வது போலிருக்கும். சூசோவின் தோட்டங்கள் 1997இல் நான்கும், 2000இல் மேலும் ஐந்தும், ‘தோட்டங்கள்’ என்ற தலைப்பிலேயே உலகப் பாரம்பரியமாயின. யாங்சோவின் கெ தோட்டமும் மெல்மேற்கு ஏரியும் 2014இல் பட்டியலில் ஏறியபோது, பெருங்கால்வாயின் உறுப்புகளாகவே ஏறின. ஆனால் சூசோவிலேயே இதற்கு அடங்காத இரண்டு இடங்கள் இருக்கின்றன. சாங்லாங் மண்டபம் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய தோட்டம். அதன் சிறந்த நீர் அதன் மதிலுக்கு வெளியே ஓடும் கால்வாய்தான். பாலத்தைக் கடந்துதான் உள்ளேயே போகிறோம். நடுவே பலகணிச் சுவர் வைத்த இரட்டை நடை ஒன்று கரையோரமாகப் போகிறது: ஒரு பக்கம் நடந்தால் வெளிநீர், மறுபக்கம் நடந்தால் உள்மலை, பலகணி வழியே ஒன்று மற்றதற்குள் எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று இணையர் தோட்டம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதிகாரி சென் பிங்செங் தன் மனைவி யென் யோங்ஹுவாவோடு வாழ அமைத்துக்கொண்டது. மூன்று பக்கமும் கால்வாய். தனிப் படித்துறை உண்டு. தென்கிழக்கு மூலையில் ஒரு மாடம். அதன் பெயரே துடுப்போசை கேட்கும் மாடம். மதில் மறைத்ததைக் காது வாங்கிக்கொள்ளட்டும் என்று கட்டியது அது. யாங்சோவில் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. கெ தோட்டத்தின் குளிர்கால மலைக்குப் பின்னுள்ள சுவரில் வரிசையாக 24 வட்டத் துளைகள். சந்துக்காற்று அவற்றில் புகுந்து வாடைக்காற்றின் ஓசை எழுப்பும். அதே இடத்தில் பக்கச் சுவரின் வட்டச் சாளரங்கள் வழியே வசந்த மலையின் மூங்கில் தெரியும். குளிர்காலத்தில் நின்று அடுத்த வசந்தத்தைப் பார்க்கலாம். ஆடம்பரத்துக்குப் பெயர்போன ஊரின் இந்த மூலையில் உள்ள அடக்கம் எந்தச் சூசோ அதிகாரிக்கும் பிடித்திருக்கும். துளைகளைப் படமெடுத்தால் சுவரில் கறுப்பு வட்டங்கள் விழும். மாடத்தைப் படமெடுத்தால் ஒரு மாடிச் சன்னல் விழும். இரண்டு ஊர்களுமே தங்கள் நுட்பமான வேலையில் ஒரு பங்கைக் காதுக்கென்று ஒதுக்கிவிட்டன. கேமராவை வைத்து இவற்றை ஒப்பிடும் என் முறைக்கு அங்கே எல்லை வந்துவிடுகிறது.

கண்ணுக்கே திரும்புவோம், இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் ஈர்த்தது நிலா. இரு ஊர்களும் நிலாவைப் பெருக்கிக் காட்டுவதில் போட்டி போடுகின்றன. சூசோவின் வலைஞர் தோட்டம் அரை ஹெக்டேர் அளவே உள்ளது. அதன் குளக்கரையில் நிலவும் காற்றும் வந்து சேரும் மண்டபம் ஒன்றிருக்கிறது. உள்ளே ஒரு பெரிய கண்ணாடி. வானில் ஒரு நிலா, குளத்தில் ஒன்று, கண்ணாடியில் ஒன்று. யாங்சோவில், ஓவியர் சிதாவோவின் கைவண்ணம் என்று வழிவழியாகச் சொல்லப்படும் பாறைத் தோட்டத்தில், பாறைக்குள் விட்ட துளை வழியே வரும் பகல் வெளிச்சம் குளத்தில் விழுந்து நிலா போல மிதக்கிறது. கரையில் நகர நகர அந்த நிலா பிறையாகும், முழுமையாகும், தேயும். ஓர் ஊர் இரவின் நிலாவை மூன்றாக்கியது. மற்ற ஊர் பகலிலேயே ஒரு மாத நிலவைக் குளத்தில் காட்டியது.

பாலங்களிலும் இதே கதை. சூசோவின் தெற்கே பெருங்கால்வாயை ஒட்டி நிற்கும் மணிக்கச்சைப் பாலம் முதலில் 816இல் கட்டத் தொடங்கப்பட்டது. 317 மீட்டர் நீளம், 53 வளைவுகள். கரையில் நடந்து படகு இழுக்கிறவர்களுக்காகவே அவ்வளவு நீளப் பாலம். கூதிர்கால முழுநிலவில் ஒவ்வொரு வளைவுக்குள்ளும் ஒரு நிலா தெரியும் என்று சொல்வார்கள். ஊருக்குத் தென்மேற்கேயுள்ள கல்லேரியில் ஒன்பது வளைவுப் பாலத்துக்கும் எட்டாம் மாதம் பதினெட்டாம் நாளில் அதே பெருமை. யாங்சோவின் ஐந்து மண்டபப் பாலத்துக்கு 15 வளைவுகள். அங்கே 15 நிலா.

புகைப்படக்காரர் இதைக் கேட்டதும் செய்யும் கணக்கு ஏமாற்றத்தில் முடியும். அசையாத நீர்ப்பரப்பில், ஓரிடத்தில் நிற்பவருக்கு நிலாவின் பிம்பம் ஒன்றுதான் தெரியும். வானில் நிலா எத்திசையில் இருக்கிறதோ அதே திசையில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதே அளவு தாழ்ந்து, நீரில் அந்த ஒன்று இருக்கும். சிற்றலை எழுந்தால் அது நீண்டு ஒரு கோடாகும். பக்கவாட்டில் 53ஆகப் பெருகாது. ஆகவே 53 நிலாவையும் ஒரே சட்டகத்தில் பிடித்த நேர்மையான படம் இருக்கமுடியாது. அப்படியானால் கதை பொய்யா? பாலத்துக்கு இணையாகப் படகில் போய்ப் பாருங்கள். நிலாவின் பிம்பம் நம்மோடு கூடவே வரும். நிலா தாழ்ந்து, பாலத்துக்கு அப்புறம் இருக்கும் வேளையில், அந்தப் பிம்பம் முதல் வளைவுக்குள் நுழைந்து, தூணில் மறைந்து, அடுத்த வளைவுக்குள் மீண்டும் எழும். வளைவுக்கு ஒன்றாக 53 நிலாவும் அப்போது உண்மை. கதையைச் சொன்னவர்கள் படகில் இருந்திருக்க வேண்டும். நிற்கும் கண்ணின் ஊர் என்று நாம் முதலில் பெயர் வைத்த சூசோ, தன் மிகப் பெரிய நிலாக் கதையை நகரும் கண்ணிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. நீளமான சுருள் ஓவியத்தைச் சீனர்கள் ஒரு கையால் விரித்து மறு கையால் சுருட்டியபடி, தோளகலம் தோளகலமாகப் பார்த்ததும் இதே பழக்கத்தின் வேறு வடிவம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு திருப்பம், உண்மையாகவே நீர் திரும்பும் இடம். யாங்சோவின் தெற்கே, பெருங்கால்வாய் யாங்சியை நோக்கிச் சரியும் பகுதியில், நீர் வேகமாக வடிந்து படகுகள் தரைதட்டின. 1597இல் ஆட்சியராக இருந்த குவோ குவாங்ஃபூ அணை எதுவும் கட்டாமல் நேராக ஓடிய கால்வாயை வளைத்தார். சிறு தொலைவில் முடிந்திருக்க வேண்டிய வழி ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. நீர் வேகம் குறைந்து மட்டம் உயர்ந்தது. அந்த இடத்துக்குப் பெயர் மூன்று திருப்பம். 2021 முதல் பெருங்கால்வாய் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. சூசோத் தோட்டத்துக் குளங்களின் மேல் போட்டிருக்கும் கோணல்மாணல் கற்பாலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாலு எட்டில் கடக்கக்கூடிய குளத்தை அது வேண்டுமென்றே மூன்று, ஐந்து மடிப்பாகக் கடக்கிறது. கால் வேகம் குறைகிறது, குளம் பெரிதாகிறது. பொறியாளர் படகுக்காகச் செய்ததையும் தோட்டக்காரர் பாதத்துக்காகச் செய்ததையும் ஒரே வரைகோலால் வரைந்துவிடலாம்.

இந்த இரண்டையும் கட்டும் ஒரு மனிதரும் கிடைக்கிறார். சீனத் தோட்டக் கலைக்கு முதல் இலக்கண நூல் எழுதிய ஜி செங், சூசோவை அடுத்த வூஜியாங்கில் 1582இல் பிறந்தவர். மூன்று திருப்பம் வெட்டியபோது அவருக்கு வயது 15. அவர் நூல் அச்சேறிய 1634ஐ ஒட்டி, யாங்சோவில் செங் யுவான்சுன் என்பவருக்காக நிழல் தோட்டம் என்ற புகழ்பெற்ற தோட்டத்தை அமைத்தார். வளைவுகளைப் பற்றி நூலில் பேசிய அவர், கால்வாய் வழியேதான் வேலைக்குப் போய் வந்திருப்பார். அந்தத் தோட்டம் இன்றில்லை. கால்வாயின் வளைவுகள் இருக்கின்றன. ஆளில்லாப் பறக்கும் கேமராவால் எடுத்த படங்களில் மூன்று திருப்பமும் ஒருசேரத் தெரிகின்றன. அந்தப் படங்களைவிட, கரையில் நின்று ஒரு திருப்பத்தை மட்டும், அடுத்தது மறைந்திருக்கும்படி எடுத்ததையே நான் வைத்துக்கொள்வேன்.